மாற்றிப் பார்ப்பதா, பார்த்து மாற்றுவதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திண்டுக்கல்லில் குடியிருக்கிறேன். நிலக்கோட்டைப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. போக ஒரு முப்பது கிலோமீட்டர், வர ஒரு முப்பது. அதில் பெரும்பகுதி நான்குவழிச் சாலை. என்னுடையது 2012-இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். அது சென்ற வருடம் மார்ச்சில் தொடங்கி ஜூலை வரை, ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீர் திடீரென்று ஆஃப் ஆனது. காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தோம், அதற்குள் எவ்வளவு பணமும் நிம்மதியும் போனது என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடிதம் நீளமாகத்தான் இருக்கிறது. பயன்படும் என்று நினைத்தால் முழுதாக வெளியிடுங்கள்.

முதல் முறை நின்றது ஒரு மாலை ஐந்து மணிக்கு. நிலக்கோட்டையில் தன் தங்கை வீட்டுக்கு வந்திருந்த என் மாமியாரை அழைத்துக்கொண்டு திரும்பினேன். அத்தை பின் சீட்டில், மடியில் பூச்சந்தையில் வாங்கிய மல்லிகைப் பொட்டலம். கொடைரோட்டில் நான்குவழிச் சாலை ஏறி, அம்பாத்துரை தாண்டி, சின்னாளப்பட்டி நெருங்கும்போது வேகம் எழுபது இருக்கும். இழுப்பு இல்லை, திணறல் இல்லை, சத்தம் இல்லை. சுவிட்சை அணைத்த மாதிரி என்ஜின் நின்றது. பாட்டு மட்டும் பாடிக்கொண்டிருந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒன்றும் இல்லை. பின்னால் ஒரு டாரஸ் லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தது.

பதற்றத்தில் பிரேக்கை விட்டு விட்டு மூன்று நான்கு முறை மிதித்தேன். முதல் மிதிக்குப் பிடித்தது. மூன்றாவது மிதிக்குப் பெடல் கல்லாகிவிட்டது. ஸ்டியரிங்கும் கனத்துப் போனது. எப்படியோ இடப்பக்க ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். அத்தை "என்னம்மா ஆச்சு, என்னம்மா ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கை நடுங்கியது.

பெடல் ஏன் கல்லானது என்பதை அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். பெட்ரோல் காரில் பிரேக்குக்கு உதவும் பூஸ்டர், என்ஜின் உறிஞ்சித் தரும் வெற்றிடத்தால் வேலை செய்கிறது. என்ஜின் நின்ற பிறகு ஓரிரண்டு மிதிக்குத்தான் அந்த வெற்றிடம் மிச்சம் இருக்கும். விட்டு விட்டு மிதித்து அதை நானே காலி செய்துவிட்டேன். ஒரே முறை அழுத்தமாக மிதித்து, விடாமல் பிடித்திருந்தால் கார் சுலபமாக நின்றிருக்கும். காலியானாலும் பிரேக் போய்விடாது. காலின் முழு பலத்தையும் கொடுத்து மிதித்தால் பிடிக்கும். ஸ்டியரிங்கும் அப்படித்தான், கனக்குமே தவிரத் திரும்பும். ஒன்று மட்டும் செய்யக் கூடாது: வண்டி நிற்கும் முன் சாவியை உருவக் கூடாது. உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். நான் அன்று உருவவில்லை. தெரிந்து அல்ல, கை போகவில்லை. அவ்வளவுதான்.

ஓரத்தில் நிறுத்திய பிறகு இன்னொரு தவறும் செய்தேன். வெயிலுக்கு மறைவாக இருக்கட்டும் என்று அத்தையைக் காரின் பின்பக்க நிழலிலேயே நிற்க வைத்தேன். நின்ற காரின் பின்னால் நிற்பதைப் போல ஆபத்து வேறு இல்லை. ஹசார்டு விளக்கைப் போட்டு, சிவப்பு எச்சரிக்கை முக்கோணத்தை நன்றாகப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, எல்லோரும் சாலையோரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அந்த எண் அன்று எனக்கு நினைவுக்கே வரவில்லை. இப்போது டாஷ்போர்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இருபது நிமிடம் கழித்து, சும்மா சாவியைத் திருப்பினேன். ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகி, ஒன்றுமே நடக்காதது போல வீடு வந்து சேர்ந்தது.

மறுநாள் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். பெயர் வேண்டாம். என் கணவரும் கூட வந்தார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, லைசென்சும் கிடையாது. நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல, அங்கிருந்த தம்பி என் கணவரைப் பார்த்தே பேசினார். "சார், மேடம் கிளட்சைச் சரியா விட்டிருக்க மாட்டாங்க, அதான் ஆஃப் ஆயிருக்கும்." எழுபதில் டாப் கியரில் போகும்போது கிளட்சில் யார் கால் வைக்கிறார்கள்? அதைக் கேட்டேன். சிரித்தார். பேட்டரி டெர்மினலைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு, ஸ்கேனர் போட்டுப் பார்த்து "எரர் எதுவும் இல்லை" என்றார். 450 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். ஜாப் கார்டில் நான் சொன்ன எதுவும் இல்லை. "ஸ்டார்ட்டிங் டிரபிள்" என்று இரண்டே வார்த்தை. ஸ்டார்ட் ஆவதில் எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை என்றுதான் அரை மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் முதல் வாரத்தில் மறுபடியும், ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது. அந்த முறை சாலையோரத்தில் கடை வைத்திருந்த ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தார்கள். அவர் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார். சொட்டுக்கூட வரவில்லை. "பம்ப் போச்சு மேடம்" என்றார். கண்ணால் பார்த்ததை நம்பாமல் எப்படி இருப்பது? மறுநாள் சர்வீஸ் சென்டரில் டேங்க்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பை முழு செட்டாக மாற்றினார்கள். கூலியோடு 8,600 ரூபாய். கார் நன்றாக ஓடியது, பத்தொன்பது நாள். இருபதாவது நாள் நின்றது. அப்புறம் ஸ்பார்க் பிளக்கும் இக்னிஷன் காயிலும், 5,200. மே மாதம் பள்ளி விடுமுறை, ஓட்டம் குறைவு, நிற்கவே இல்லை. காயில்தான் காரணம், சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். ஜூனில் பள்ளி திறந்து இரண்டாவது வாரத்திலேயே இரண்டு முறை நின்றது.

இந்த முறை சர்வீஸ் சென்டரில், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவைக் காட்டிச் சொன்னது: "ஈசியூ போயிருக்கும் மேடம், 38,000 ஆகும். மாற்றிப் பார்க்கலாம்."

அந்த "மாற்றிப் பார்க்கலாம்" என்ற சொல்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. மூன்று மாதத்தில் எத்தனை முறை அதைக் கேட்டேன். பம்பை மாற்றிப் பார்க்கலாம், பிளக்கை மாற்றிப் பார்க்கலாம், ஈசியூவை மாற்றிப் பார்க்கலாம். பார்த்துவிட்டு மாற்றலாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆய்வகத்தில் என் மாணவன் ஒரு சுற்று வேலை செய்யவில்லை என்று வந்தால், மீட்டரை எடுத்து எந்த இடம் வரை மின்சாரம் வருகிறது என்று பாருடா என்பேன். மின்கலத்தை மாற்று, வயரை மாற்று, எல்லாவற்றையும் மாற்று என்றா சொல்வேன்? வகுப்பில் நான் சொல்லிக் கொடுப்பதை என் சொந்தக் காருக்கு நான் செய்யவில்லையே என்று அன்று இரவு மனம் பொறுக்கவில்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துக் கட்டம் போட்டேன். நாள், நேரம், புறப்பட்டு எத்தனை கிலோமீட்டர், டேங்க்கில் பெட்ரோல் எவ்வளவு, வெயிலா மழையா. இவை எவரும் எழுதக்கூடியவை. அப்புறம் நிற்கும் அந்த நொடியைப் பற்றிய கட்டங்கள்: பட்டென்று நின்றதா, திணறி நின்றதா? எந்தெந்த விளக்கு எரிந்தது? என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் என்ன செய்தது? நின்ற பிறகு செல்ஃப் எப்படிச் சுற்றியது? எத்தனை நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆனது?

ஒவ்வொரு கட்டமும் ஏதோ ஒரு காரணத்தை வெளியே தள்ளும் என்பதுதான் விஷயம். பெட்ரோல் சரியாக வராமல் நின்றால் பெரும்பாலும் பட்டென்று நிற்காது; மேட்டில் இழுக்காது, குலுங்கும், திணறும், அப்புறம் நிற்கும். என்னுடையது ஒரு முறைகூடத் திணறவில்லை. டைனமோ சார்ஜ் செய்யாமல் பேட்டரி தீர்ந்து நின்றால், அதற்கு முன்பே சிவப்பு பேட்டரி விளக்கு எரியும், ஹெட்லைட் மங்கும், வைப்பர் சோம்பலாக ஓடும். நின்ற பிறகு செல்ஃப் சுற்றவே சுற்றாது. என்னுடையதில் செல்ஃப் எப்போதும் நன்றாகவே சுற்றியது. ஓடும்போது பேட்டரி முனையில் 13.8-இலிருந்து 14.4 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பள்ளி மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், 14.1 காட்டியது. டெர்மினல் லூசாகவோ, சாவி சுவிட்ச் தேய்ந்தோ இருந்தால் டாஷ்போர்டே இருண்டு போகும், பாட்டும் நிற்கும். எனக்கு என்ஜின் நின்றதும் ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் பளிச்சென்று எரிந்தன, பாட்டும் நிற்கவில்லை. வெப்ப முள் எப்போதும் நடுவில்தான், ஆக ரேடியேட்டரும் இல்லை.

ஆறு முறை எழுதியதும் நோட்டு பேச ஆரம்பித்தது. காலையில் போகும்போது ஒரு முறைகூட நிற்கவில்லை. எல்லாமே மாலையில், நாள் முழுக்க வெயிலில் நின்ற கார் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பிறகு. அதைவிட முக்கியம், ஆறில் இரண்டு முறை நடுவில் வண்டியை அணைத்திருக்கிறேன். சின்னாளப்பட்டியில் மருந்துக் கடையில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு எடுத்தேன், இரண்டு கிலோமீட்டருக்குள் நின்றது. என்ஜினை அணைத்தால் பானெட்டுக்குள் உடனே குளிரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் தண்ணீர் ஓட்டமும் முன்காற்றும் நின்றுவிடுவதால், முதல் பத்துப் பதினைந்து நிமிடம் அங்கே இருக்கும் பாகங்கள் இன்னும் சூடாகும். ஆக, சூட்டில் உயிர் விட்டு, ஆறினால் உயிர் பெறும் ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது.

எல்லாவற்றையும் விடப் பெரிய சாட்சி ஆர்பிஎம் முள். நோட்டு தொடங்கியபின் ஐந்தாவது முறை நின்றபோது மனதைத் திடப்படுத்திக்கொண்டு, பின்னால் வண்டி எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, கிளட்சை மிதிக்காமல் இடப்பக்கம் ஒதுங்கி நாலாவது கியரிலேயே உருளவிட்டேன். வேகம் அறுபது. கியரில் இருக்கும்வரை சக்கரங்கள் என்ஜினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பெட்ரோல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஸ்பார்க் வந்தாலும் வராவிட்டாலும் அது நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் சுற்றும். ஆனால் முள் பூஜ்யத்தில் விழுந்து கிடந்தது. பெட்ரோல் தீர்ந்திருந்தால் வேகம் குறையக் குறைய முள்ளும் மெதுவாக இறங்கியிருக்க வேண்டும். நான் கிளட்சைத் தப்பாக விட்டு நின்றிருந்தால் காரே உருண்டிருக்காது. என்ஜின் சுற்றுகிறது, முள்ளுக்கு மட்டும் அது தெரியவில்லை. என்ஜின் சுற்றுகிறது என்ற செய்தி எங்கோ அறுந்துபோகிறது. சாலையோரம் நிறுத்தி, அந்த வரியை நோட்டில் எழுதும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. மார்ச்சிலிருந்து "மேடம் கிளட்ச், மேடம் கிளட்ச்" என்று கேட்டுக் கேட்டு, ஒருவேளை என் மேல்தான் தப்போ என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

திண்டுக்கல் பேகம்பூரில் ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவர் இருக்கிறார், வயதானவர், பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நோட்டை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஆறு வரிகளையும் படித்தார். அந்த ஆர்பிஎம் வரியில் விரலை வைத்து, "டீச்சர், இது கிராங்க் சென்சார் மாதிரி இருக்கு. ஆனா இப்ப மாத்த வேண்டாம். அடுத்த தடவை நின்னா நின்ன இடத்துலயே இருந்து கூப்பிடுங்க. ஓடுற வண்டியில நான் என்னத்தப் பாக்குறது?" என்றார். ஐந்து மாதத்தில், ஒரு நல்ல மருத்துவர் சொல்வது போல நான் கேட்ட முதல் வார்த்தை அது. ஜூலை கடைசியில் நின்றபோது கூப்பிட்டேன், மொபெட்டில் வந்து சேர்ந்தார். செல்ஃப் அடிக்கச் சொல்லி முள்ளைப் பார்த்தார், அசையவில்லை. பிளக் வயரில் பார்த்தார், பொறி இல்லை. பிறகு என்னிடம் இருந்த குடிதண்ணீர் பாட்டிலை வாங்கி, என்ஜினும் கியர்பாக்சும் சேரும் இடத்தில் இருந்த ஒரு சிறிய கறுப்பு உருண்டை மேல் அரை பாட்டிலை மெதுவாக ஊற்றினார். இரண்டு நிமிடம் பொறுத்து "இப்ப அடிங்க" என்றார். ஒரே செல்ஃபில் ஸ்டார்ட். வழக்கமாக இருபது நிமிடம் ஆகும், அன்று இரண்டே நிமிடம்.

அந்தக் கறுப்பு உருண்டைதான் கிராங்க் சென்சார், என்ஜின் சுற்றுகிறது என்று ஈசியூவுக்குச் சொல்லும் பாகம். விலை 1,350 ரூபாய். மாற்றிய கூலி 300. அதற்கு முன் நான் கொடுத்தது 14,250, கொடுக்க இருந்தது 38,000.

ஒவ்வொரு வருடமும் நான் பிளஸ் டூ வகுப்பில் மின்காந்தத் தூண்டல் நடத்துகிறேன். ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்தது: கம்பிச் சுருளின் வழியே செல்லும் காந்தப் பாயம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் தோன்றும். என் காரின் கிராங்க் சென்சார் வேறு ஒன்றும் இல்லை, அதேதான். ஒரு காந்தம், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செப்புக் கம்பிச் சுருள். எதிரில் என்ஜினோடு சுற்றும் ஒரு பல் சக்கரம். பல கார்களில் அறுபது பல்லுக்கான இடத்தில் ஐம்பத்தெட்டுப் பல்தான் இருக்கும்; விட்டுப்போன இரண்டு பல்லின் இடைவெளியை வைத்து என்ஜின் எந்த நிலையில் இருக்கிறது என்று ஈசியூ தெரிந்துகொள்ளும். நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றில் நொடிக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு மேல் துடிப்புகள். எப்போது பெட்ரோலைத் தெளிக்க வேண்டும், எப்போது பொறி தர வேண்டும் என்று இந்தத் துடிப்பை எண்ணித்தான் ஈசியூ முடிவு செய்கிறது. துடிப்பு நின்றால் என்ஜின் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டு பொறியையும் பெட்ரோலையும் நிறுத்திவிடும். விபத்தில் என்ஜின் நின்ற பிறகும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக, பம்புக்கு மின்சாரம் தரும் ரிலே சுவிட்சையும் சேர்த்தே துண்டிக்கும்.

அந்தச் சாலையோர மெக்கானிக் குழாயைக் கழற்றியபோது பெட்ரோல் ஏன் வரவில்லை என்பது இப்போது விளங்குகிறது. பம்ப் நன்றாகத்தான் இருந்தது. அதை ஓடச் சொல்லி யாரும் உத்தரவு கொடுக்கவில்லை, அவ்வளவுதான். வாசகர்கள் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பினால், பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பின் சீட்டின் அடியிலிருந்து இரண்டு மூன்று நொடி ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கும். கேட்டால் பம்ப் உயிரோடு இருக்கிறது. கேட்டும், செல்ஃப் அடிக்கும்போது முள் அசையவில்லை என்றால், பம்பை மாற்றும் முன் கிராங்க் சென்சாரையும் அதன் வயரையும் கப்ளரையும் பார்க்கச் சொல்லுங்கள். சில கார்களில் செல்ஃப் அடிக்கும்போது முள் எப்போதுமே அசையாது. அங்கே ஸ்கேனரில் லைவ் டேட்டா என்ற பக்கத்தைத் திறந்து ஆர்பிஎம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

ஸ்கேனர் ஏன் "எரர் இல்லை" என்றது? என்ஜின் உண்மையாகவே நின்றதா, அல்லது செய்திதான் நின்றதா என்று ஈசியூவால் பல நேரம் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. இரண்டும் அதற்கு ஒன்று போலத்தான் தெரியும். சில வண்டிகள் கிராங்க் சென்சார் கோளாறைக் குறிக்கும் பி 0335 என்ற எண்ணைப் பதிந்து வைக்கும். சில வைப்பதே இல்லை. ஆகவே எரர் இல்லை என்பது நோய் இல்லை என்று அர்த்தமாகாது. இன்னொன்று, கோளாறோடு போகும் வண்டியில் ஸ்கேனர் போடும் முன்பே பேட்டரி வயரைக் கழற்றினால் பதிந்திருந்ததும் அழிந்துபோகலாம். என் முதல் வருகையில் டெர்மினலைத்தான் முதலில் கழற்றினார்கள்.

பழைய சென்சாரைப் பாயிடம் கேட்டு வாங்கி வந்தேன். வீட்டு அடுப்பில் பாத்திரம் வைத்து, சென்சாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெந்நீரில் இறக்கினேன். மல்ட்டிமீட்டர் முனைகள் வெளியே. தண்ணீர் முப்பது டிகிரியில் இருக்கும்போது 870 ஓம் காட்டியது. செப்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடும், ஆகவே சூடாகச் சூடாக எண் ஏற வேண்டும், ஏறியது. 950, 1,010, 1,050. எண்பத்தைந்து டிகிரிக்குப் பக்கத்தில் சட்டென்று எண் மறைந்து, இடது ஓரத்தில் வெறும் 1 மட்டும் நின்றது. சுற்று அறுந்தது என்று பொருள். அடுப்பை அணைத்து ஆறவிட்டேன், சிறிது நேரத்தில் எண் திரும்பி வந்தது. உள்ளே எங்கோ ஒரு கம்பி கண்ணுக்குத் தெரியாமல் முறிந்திருக்கிறது. குளிரில் முனைகள் தொட்டுக்கொள்கின்றன, சூட்டில் விலகுகின்றன. அத்தை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குத்தானா அன்னைக்கு அந்த லாரி நம்மள இடிக்க வந்துச்சு?" என்று கேட்டார்.

இன்னொரு விஷயமும் அதோடு விளங்கியது. சுருளில் தோன்றும் மின்னழுத்தம் வேகத்தைப் பொறுத்தது. செல்ஃப் அடிக்கும்போது என்ஜின் நிமிடத்துக்கு இருநூறு சுற்றுதான் சுற்றும், ஓட்டத்தில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு. நலிந்த சென்சார் ஓட்டத்தில் ஒப்பேற்றிவிடும், ஸ்டார்ட் செய்யும்போது தடுமாறும். சூடான காரை அணைத்துவிட்டு உடனே எடுத்தால் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது என்றால், அது நடுரோட்டில் நிற்கப்போவதற்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். எனக்கு மார்ச்சுக்கு முன்பே இரண்டு மூன்று முறை அப்படி ஆனது, நான் பொருட்படுத்தவில்லை.

எல்லாக் காரும் கிராங்க் சென்சாரால்தான் நிற்கும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பள்ளி வேன் ஒன்று இதே மாதிரி நின்றது. அதற்குத் திருட்டைத் தடுக்க ஜிபிஎஸ் கருவி பொருத்தியவர்கள், என்ஜினை அணைக்கும் ரிலே ஒன்றைச் சாவி வயரை வெட்டி நடுவில் முறுக்கி வைத்திருந்தார்கள்; அந்த முறுக்கு தளர்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக் காரில் எலி கடித்த வயர். இரவில் பானெட்டுக்குள் எலி புகுவது நம் ஊரில் எல்லாத் தெருவிலும் நடப்பதுதான். கடித்த இடத்தில் ஓரிரண்டு இழை மிச்சம் இருந்தால் மேடு பள்ளத்தில் மட்டும் வண்டி நிற்கும், நல்ல ரோட்டில் ஓடும். டீசல் வண்டி என்றால் கதை வேறு, அங்கே முதலில் டீசல் ஃபில்டரையும் அதில் தேங்கும் தண்ணீரையும் பார்க்க வேண்டும். என் கொழுந்தனார் ஜீப்புக்கு ஃபில்டர் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்ததே போதுமானதாக இருந்தது. ஓடும்போது நின்ற வண்டியில் செல்ஃப் அடித்தால் வழக்கத்தைவிட இலேசாக, வேகமாக விர்ரென்று சுற்றுகிறது என்றால் மட்டும் தயவுசெய்து மறுபடி அடிக்காதீர்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். பல என்ஜின்களில் பெல்ட் அறுந்தபின் ஒவ்வொரு செல்ஃபும் வால்வைப் பிஸ்டனில் மோத வைக்கும்.

சாவிக்கொத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சாவி சுவிட்ச் கோளாறுக்காகச் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. சுவிட்சுக்குள் இருந்த ஒரு சிறு ஸ்பிரிங் முள்ளின் பிடிப்பு போதவில்லை. கனமான சாவிக்கொத்து தொங்கினாலோ முழங்கால் பட்டாலோ, ஓடும்போதே சாவி வழுக்கி என்ஜின் அணைந்தது. மோதும்போது ஏர்பேக்கும் விரியவில்லை. 124 பேர் இறந்ததற்கு நிறுவனம் ஏற்படுத்திய நிதியிலிருந்தே இழப்பீடு கொடுக்கப்பட்டது. அதை வெளிக்கொண்டு வந்தது எது? மகளை இழந்த ஒரு குடும்பத்தின் வழக்குக்காக ஒரு பொறியாளர் பழைய சுவிட்சையும் புதிதாக வாங்கிய சுவிட்சையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பார்ட் நம்பர் இரண்டிலும் ஒன்றே, உள்ளே இருந்த முள் மட்டும் வேறு. விபத்துக்கு முன் அந்தப் பெண்ணும் கார் ஓடும்போது அணைந்துவிட்டது என்று பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டியிருந்தார். இதைப் படித்த அன்று என் சாவிக்கொத்திலிருந்து பீரோ சாவி, பள்ளி ஆய்வகச் சாவி எல்லாவற்றையும் கழற்றினேன்.

சர்வீஸ் சென்டர்களும் பட்டறைகளும் மூன்று காரியம் செய்யலாம் என்று நினைக்கிறேன், மூன்றுக்கும் செலவு இல்லை. ஓட்டுபவர், ஆணோ பெண்ணோ, சொல்வதை அவர் சொன்னபடியே ஜாப் கார்டில் எழுதட்டும். எந்தச் சோதனை செய்து இந்தப் பாகம் கெட்டது என்று முடிவு செய்தோம் என்பதை ஒரு வரி பில்லில் எழுதட்டும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்காமலே திருப்பிக் கொடுக்கட்டும். எனக்குப் பழைய பம்ப் வந்திருந்தால் பன்னிரண்டு வோல்ட் கொடுத்து ஒரு நொடி சுற்றிப் பார்த்திருப்பேன், அன்றே தெரிந்திருக்கும். கேட்டேன், "ஸ்கிராப்புக்குப் போயிருச்சு மேடம்" என்றார்கள். ஐடிஐகளில் மோட்டார் வாகனப் பிரிவில் படிக்கும் பிள்ளைகளுக்கும், ஸ்கேனரில் எரர் எண்ணைப் படிப்பதோடு நிறுத்தாமல், சூடாக நின்ற வண்டியை நின்ற நிலையிலேயே சோதிக்கக் கற்றுக் கொடுத்தால் நல்லது. என் முன்னாள் மாணவர்கள் சிலர் அந்த வேலையில் இருக்கிறார்கள். அவர்களிடம் திறமைக்குக் குறைவில்லை. "ஒரு மணி நேரத்துக்குள்ள வண்டியை வெளிய அனுப்பணும் மிஸ்" என்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் மாற்றலாம், பார்க்க முடியாது.

சென்சாரை மாற்றி ஒரு வருடம் ஆகப்போகிறது. அதன் பிறகு 12,000 கி.மீ. ஓடிவிட்டது, இந்தச் சித்திரை வெயிலிலும் ஒரு முறைகூட நிற்கவில்லை. முறிந்த சென்சார் எங்கள் பள்ளி ஆய்வகத்தில் இருக்கிறது. மின்காந்தத் தூண்டல் நடத்தும் நாளில் அதை வெந்நீரில் போட்டுக் காட்டுகிறேன். நோட்டும் இருக்கிறது. திண்டுக்கல், நிலக்கோட்டைப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள் யாராவது பார்க்க வேண்டும் என்றால், வேலை நாளில் மாலை நாலரைக்கு மேல் பள்ளிக்கு வந்தால் இரண்டையும் எடுத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியை,
திண்டுக்கல்.